சுஸ்ருதர்

சுஸ்ருதர் (சுசுருதர் எனவும் எழுதப்படுவதுண்டு) பண்டைய இந்தியாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஆவார். சமற்கிருத மொழியில் அமைந்த சுஸ்ருத சம்ஹிதை என்னும் மருத்துவ நூல் இவர் பெயரால் வழங்குகிறது. அறுந்துபோன காது மடலைச் சேர்த்தல், இழந்த மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மீள உருவாக்கல் ஆகிய அறுவை முறைகளை விளக்கும் மிகப் பழைய நூல்களுள் இதுவும் ஒன்றாதலால், இவரை ஒட்டறுவை மருத்துவத்தின் தந்தை எனப் பலர் குறிப்பிடுவர். சரகர், வாக்பட்டர் ஆகியோருடன் ஆயுர்வேதத்தின் மும்மூர்த்திகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

காலம்

சுஸ்ருதரின் காலம் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாடநூல்களிலும் இணையத்தளங்களிலும் பரவலாகக் காணப்படும் கி.மு. 600 என்னும் கணிப்பு, ருடால்ஃப் ஹெர்ன்லே என்னும் ஆய்வாளர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்ததாகும். மனித எலும்புகளின் எண்ணிக்கை பற்றிச் சதபத பிராமணம் கூறுவதையும் சுஸ்ருத சம்ஹிதை கூறுவதையும் ஒப்பிட்டு அவர் இம்முடிவுக்கு வந்தார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இந்நூல் ஒரே காலத்தில் ஒருவரால் எழுதப்பட்டதன்று என்கின்றனர். கிறித்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் தொடங்கிய ஒரு மூலநூல், பலர் கைபட்டு வளர்ந்து, ஏறத்தாழ கி.பி. 500 அளவில் தற்போதைய வடிவத்தைப் பெற்றது என்பது அவர்கள் கருத்து. நாகார்ச்சுனர் என்பவர் இந்நூலைத் திருத்தியமைத்தார் என 12 ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான டல்லணர் குறிப்பிடுகிறார். ஆகவே ஒற்றை ஆண்டைச் சுட்டி இவர் காலத்தை உறுதிப்படுத்துவது பொருந்தாது.

எவ்வாறாயினும், கி.பி. 6 ஆம் நூற்றாண்டளவில் இவர் பெயர் நெடுந்தொலைவு பரவியிருந்தது. 1890 ஆம் ஆண்டு நடு ஆசியாவின் குச்சா பகுதியில் கிடைத்த பவர் கையெழுத்துப்படி, மருத்துவ முனிவர்களின் வரிசையில் சுஸ்ருதரையும் குறிப்பிடுகிறது. கம்போடியாவை ஆண்ட முதலாம் யசோவர்மனின் கல்வெட்டும் இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

வாழ்க்கை

நூல் தரும் மரபின்படி சுஸ்ருதர் விசுவாமித்திரரின் மகன் ஆவார். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்திலும் விசுவாமித்திரரின் மக்கள் பட்டியலில் இப்பெயர் இடம்பெறுகிறது. காசியின் அரசராக இருந்து, பின்னர் ஆசிரம வாழ்வை மேற்கொண்ட திவோதாசரிடம் இவர் மருத்துவம் கற்றார். திவோதாசர், தேவர்களின் மருத்துவரான தன்வந்திரியின் அவதாரமாகக் கருதப்பட்டவர்.

ஔபதேனவர், வைதரணர், ஔரப்ரர், பௌஷ்கலாவதர், கரவீர்யர், கோபுரரட்சிதர் ஆகியோர் சுஸ்ருதருடன் சேர்ந்து திவோதாசரை அணுகினர். நோயுற்ற மக்கள் காப்பார் இன்றித் துன்புறுவதைக் கண்டு தாங்க இயலாமல் வந்ததாக அவர்கள் தெரிவித்தனர். ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளுள் எதைக் கற்பிக்க வேண்டும் என ஆசிரியர் வினவியபோது, அறுவை மருத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு கற்பிக்குமாறு அனைவரும் வேண்டினர். அனைவர் சார்பிலும் வினாக்களை எழுப்பும் பொறுப்பு சுஸ்ருதருக்கு அளிக்கப்பட்டது. நூல் முழுவதும் திவோதாசர் விடையளிக்க, சுஸ்ருதர் கேட்டுக் கற்பதாகவே அமைந்துள்ளது. நன்கு கேட்கப்பட்டவர் அல்லது புகழ்பெற்றவர் என்னும் பொருள் தரும் அவரது பெயருக்கு இது பொருத்தமாக உள்ளது.

யாருக்கு மருத்துவம் கற்பிக்கலாம் என்னும் பகுதி அக்காலச் சமூக அமைப்பைக் காட்டுகிறது. முதல் மூன்று வருணத்தாருக்கே உரிய சடங்குடன் மாணவர் சேர்க்கை கூறப்படுகிறது. எனினும், நற்குடிப்பிறப்பும் நற்குணமும் உடைய சூத்திரருக்கு மந்திரமும் உபநயனமும் இன்றிக் கற்பிக்கலாம் எனச் சிலர் கருதுவதாகவும் நூல் பதிவு செய்துள்ளது.

பயிற்சி முறை

நூலறிவு மட்டும் உடையவன் நோயாளியின் முன் போர்க்களத்தில் நிற்கும் கோழையைப் போலத் திகைப்பான். நூலறிவின்றிக் கைப்பழக்கம் மட்டும் உடையவன் அரசனின் தண்டனைக்கு உரியவன். இருவரும் ஒற்றைச் சிறகுப் பறவைகளே என்பது சுஸ்ருதர் மரபின் கொள்கை. இக்கொள்கை வெறும் அறிவுரையாக நின்றுவிடாமல், விரிவான செய்முறைப் பயிற்சியாக வகுக்கப்பட்டுள்ளது.

உயிருள்ள உடலைத் தொடுவதற்கு முன் மாணவன் வேறு பொருள்களில் கைப்பழக வேண்டும். பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் வெட்டிப் பழகுதல். நீரும் சேறும் நிரப்பிய தோற்பைகளில் பிளந்து பழகுதல். மயிருடன் கூடிய தோலில் சுரண்டிப் பழகுதல். இறந்த விலங்குகளின் நாளங்களிலும் குவளைத் தண்டிலும் துளையிட்டுப் பழகுதல். பூச்சி அரித்த மரத்திலும் மூங்கிலிலும் உலர்ந்த சுரைக்குடுக்கையிலும் ஆய்கோல் செலுத்திப் பழகுதல். பலா, கோவை, வில்வம் ஆகிய பழங்களிலிருந்து விதைகளை எடுத்துப் பழகுதல். மெல்லிய துணியிலும் தோலிலும் தைத்துப் பழகுதல் என ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிப் பொருள் கூறப்பட்டுள்ளது. மனித உருவப் பாவையில் கட்டுப்போடக் கற்க வேண்டும். காது மடலைச் சேர்த்துக் கட்டுவதற்கும் மென்மையான தோல், இறைச்சித் துண்டு, குவளைத் தண்டு ஆகியவற்றில் தனிப்பயிற்சி விதிக்கப்பட்டுள்ளது. காது அறுவை அம்மரபில் அரிதான ஒன்றாக இல்லாமல், மாணவர் அனைவரும் கற்க வேண்டிய வழக்கமான வேலையாக இருந்தது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

உடற்கூற்றைக் கற்பதற்கு இறந்த உடலை ஆராய வேண்டும் என்பதும் இந்நூலின் வலியுறுத்தல். நஞ்சினாலோ நெடுநாள் நோயினாலோ இறவாத, முழு உறுப்புகளும் கொண்ட உடலைத் தெரிவு செய்து, குடற்கழிவை நீக்கி, நாணல் போன்ற புல்லால் சுற்றி, கூண்டில் இட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓடும் நீரில் ஏழு இரவுகள் வைக்க வேண்டும். பின்னர் விலாமிச்சை வேர், மயிர், மூங்கில் ஆகியவற்றால் ஆன தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் முதலாக ஒவ்வோர் அடுக்கையும் கண்ணால் காண வேண்டும். பிணத்தைத் தொடுவது தீட்டு எனக் கொள்ளப்பட்ட ஒரு சமூகத்தில் இது எளிதில் எழுதப்பட்டிருக்கக்கூடிய விதியன்று. கத்தியால் அறுக்காமல் தேய்த்துப் பார்ப்பதால் எலும்பு, தசை, மூட்டு ஆகியவை தெளிவாகத் தெரியும். ஆனால் ஏழு நாள் நீரில் ஊறிய உடலில் மூளை, நரம்பு போன்ற மென்மையான உறுப்புகள் சிதைந்துவிடும். நூலின் உடற்கூற்றுப் பகுதியில் உள்ள குறைகள் சிலவற்றுக்கு இதுவும் காரணமாகலாம். மனித உடலில் 300 எலும்புகள் உள்ளதாக அது கணக்கிடுகிறது. குருத்தெலும்பு, பல் ஆகியவற்றையும் சேர்த்தமையால் இவ்வெண்ணிக்கை கூடியுள்ளது.

காது அறுவை

நூலின் முதற்பகுதியான சூத்திரத்தானத்தின் 16 ஆம் அத்தியாயம் காது குத்துதலையும் காது மடலைச் சேர்த்தலையும் கூறுகிறது. இக்கட்டுரைக்குரியவரின் புகழுக்கு முதன்மையான காரணம் இந்த ஓர் அத்தியாயமே எனலாம்.

குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், வளர்பிறையில் நல்ல நாள் பார்த்துக் காது குத்த வேண்டும். நோக்கம் இரண்டு: காப்பு, அணி. குழந்தையை மடியில் அமர்த்தி, விளையாட்டுப் பொருள் காட்டி மகிழ்வித்து, மருத்துவர் இடக்கையால் காதை இழுத்துப் பிடித்து, சூரிய ஒளியில் மடலின் மெல்லிய பகுதியைக் கண்டு குத்த வேண்டும். மடல் மெலிதாயின் ஊசி, தடித்ததாயின் குத்தூசி. ஆண் குழந்தைக்கு வலக்காதும் பெண் குழந்தைக்கு இடக்காதும் முதலில் குத்தப்படும். குருதி மிகுதியாக வந்தாலும் வலி மிகுந்தாலும் இடம் தவறியது எனக் கொள்ள வேண்டும். தவறான நாளத்தில் குத்தினால் காய்ச்சல், வீக்கம், கழுத்துப் பிடிப்பு ஆகியவை தோன்றும் என எச்சரிக்கை உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவர் குப்பங்கள் முதல் குமரி வரை, தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்தும் தமிழர் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

துளையில் திரி இட்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை முன்னதைவிடத் தடித்த திரியை மாற்ற வேண்டும். புண் ஆறிய பின் நாயுருவி, வேம்பு, பருத்தி ஆகியவற்றின் கட்டையால் ஆன விரிப்பானைப் பொருத்தித் துளையைப் பெரிதாக்கலாம். இவ்வாறு நீண்ட மடல் அடிபட்டோ நோயினாலோ இரண்டாக அறுந்துபோவது உண்டு. அதைச் சேர்ப்பதற்கே நூல் பதினைந்து வகையான இணைப்புகளைப் பெயரிட்டுக் கூறுகிறது. மடலின் இரு துண்டுகளும் சம அளவாயின் ஒரு முறை, முன்துண்டு நீண்டிருப்பின் வேறு முறை, பின்துண்டு நீண்டிருப்பின் மற்றொரு முறை எனக் காதின் வடிவத்தைப் பொறுத்து இவை மாறும். பதினைந்தில் இறுதி ஐந்து, மடல் சுருங்கியோ மெலிந்தோ குறைபட்டோ இருப்பதால் வெற்றி தராதவை என வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. தோல்வியடையும் முறைகளுக்கும் பெயரிட்டுப் பட்டியலில் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

மடலே இல்லாதவருக்குக் கூறப்படும் முறைதான் மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றது. கன்னத்திலிருந்து உயிருள்ள தசையை, ஒரு முனை கன்னத்தோடு ஒட்டியிருக்கும்படி சீவி எடுத்து, காதின் விளிம்பைச் சுரண்டிப் புதுப்புண்ணாக்கி, அங்கு பொருத்த வேண்டும். ஒரு முனை ஒட்டியிருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. முழுவதும் அறுத்தெடுத்த தசைக்குக் குருதி கிடைக்காது, அது அழுகிவிடும். ஒட்டியுள்ள முனை வழியாகக் குருதி வந்துகொண்டிருக்க, மறுமுனை புதிய இடத்தில் வேர்பிடிக்கிறது. குருதிச் சுற்றோட்டத்தைப் பற்றிய அறிவு இல்லாத காலத்திலேயே, எது பிழைக்கும், எது அழுகும் என்பதைக் கண்டு தேர்ந்திருக்கின்றனர். தற்கால ஒட்டறுவை மருத்துவத்திலும் காம்புடன் கூடிய தோல்மடிப்பு என்னும் முறை இதே அடிப்படையில் இயங்குகிறது.

சேர்த்தபின் தேனும் நெய்யும் பூசி, பஞ்சும் துணியும் வைத்து, இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் நூலால் கட்டி, ஓட்டுத்தூள் தூவ வேண்டும். கட்டு இருக்கும் காலத்தில் பகலுறக்கம், உடற்பயிற்சி, மிகுதியான உணவு, தீயின் வெப்பம், அதிகப் பேச்சு ஆகியவை கூடா. தாடை அசைந்தால் கன்னத்துத் தோல் இழுபடும் என்பதை எண்ணினால், பேச்சைத் தடுத்ததன் காரணம் விளங்கும்.

மூக்கு அறுவை

அதே அத்தியாயத்தின் இறுதியில் மூக்கு வருகிறது. தண்டனையாகவும் பழிவாங்கலாகவும் மூக்கை அறுப்பது பண்டைய இந்தியாவில் வழக்கில் இருந்தது. இராமாயணச் சூர்ப்பனகை கதையை அறியாதார் இலர். மூக்கிழந்தவரின் குற்றம் அல்லது அவமானம் முகத்திலேயே எழுதப்பட்டது போலாகும். ஆகவே அதைச் சரிசெய்வது அழகுக்காக மட்டும் என்று கொள்ள இயலாது.

மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதே அளவில் கன்னத்திலிருந்து ஒரு முனை ஒட்டிய தோலை எடுத்து, புண்ணாக்கப்பட்ட மூக்கின் அடிப்பகுதியில் பொருத்தித் தைக்க வேண்டும். மூச்சு விடுவதற்கு இரண்டு குழல்கள் செருகப்படும். பதிமுகம், அதிமதுரம், இரசாஞ்சனம் ஆகியவற்றின் தூளைத் தூவி, வெண்பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் அடிக்கடி தெளிக்க வேண்டும். ஒட்டியபின் எஞ்சிய தோலை வெட்டிவிட வேண்டும். மூக்கு சிறிதாக அமைந்தால் மீண்டும் வளர்க்க முயல வேண்டும். குழல்கள் இல்லாமல் இதே முறையை உதட்டுக்கும் கையாளலாம்.

பிற பங்களிப்புகள்

சுஸ்ருத சம்ஹிதையின் முதல் ஐந்து பகுதிகளில் 120 அத்தியாயங்களும் பின்னிணைப்பாகிய உத்தரதந்திரத்தில் 66 அத்தியாயங்களும் உள்ளன. அறுவைச் செயல்கள் எட்டு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 101 மழுங்கிய கருவிகளும் 20 கூரிய கருவிகளும் விளக்கப்படுகின்றன. எனினும் கருவிகளுள் தலையாயது கையே என்கிறது நூல். கண்புரையை ஊசியால் விலக்குதல், சிறுநீர்ப்பைக் கல்லை எடுத்தல், கிழிந்த குடலின் விளிம்பைப் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு அவற்றின் தலையை மட்டும் விட்டுவைத்துச் சேர்த்தல் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. வலியைத் தாங்க, மது அருந்தும் பழக்கமுடையவருக்கு அறுவைக்கு முன் கடுமையான மது தரலாம். நோயாளியின் அறையில் வெண்கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றால் புகையிட வேண்டும்.

கல்லெடுக்கும் அறுவையைத் தொடங்குமுன், செய்யாவிடில் மரணம் உறுதி, செய்தால் ஐயம் என்ற நிலையை விளக்கி அரசரின் இசைவைப் பெற வேண்டும் என்பது விதி. இதை நோயாளியின் ஒப்புதல் பெறும் இக்கால வழக்கத்தோடு ஒப்பிடுவர். எனினும் இங்கு இசைவு தருபவர் நோயாளி அல்லர் என்பதை மறக்கலாகாது.

நூலின் பயணம்

கி.பி. 8 ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாக்தாதில் பர்மக்கு குடும்ப அமைச்சர்களின் ஆதரவில் இந்நூல் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. பின்னர் அல்-ராசி தம் நூலில் இதிலிருந்து எடுத்தாண்டார். காத்மாண்டுவின் கைசர் நூலகத்தில் உள்ள கி.பி. 878 ஆம் ஆண்டின் பனையோலைச் சுவடி, காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய படியாகும். 2013 ஆம் ஆண்டு யுனெசுக்கோ இதனை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அச்சு நூல்களில் உள்ள பாடத்துக்கும் இச்சுவடிக்கும் பல வேறுபாடுகள் உள்ளன.

நூல் ஏடுகளில் நிலைத்திருக்க, கற்றறிந்த மருத்துவர்கள் கத்தியைக் கைவிட்டனர். குருதியையும் சீழையும் தொடும் தொழில் இழிவாகக் கருதப்பட்டது இதற்கொரு காரணம் என்பர். 18 ஆம் நூற்றாண்டில் மூக்கு அறுவை செய்தவர்கள் சமற்கிருதம் கற்ற வைத்தியர்கள் அல்லர். 1792 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாசுஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் சூளைத் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டை மூக்கு வடிவில் வளைத்து, பின் அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி ஒட்டினார். சுஸ்ருதர் நூல் கூறுவது கன்னம். இவர் கையாண்டது நெற்றி. ஆகவே நூலிலிருந்து கைக்கு அப்படியே வந்த முறை இது எனக் கூற இயலாது. அறுவை செய்தவரின் பெயரை ஆங்கிலேயர் எழுதி வைக்கவில்லை. நோயாளியின் பெயர் மட்டும் உலகறிந்தது.

இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மாகசின் இதழில் படத்துடன் வெளியானது. அதைக் கற்று, பிணங்களில் பயின்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1814 ஆம் ஆண்டு இம்முறையில் அறுவை செய்து வெற்றி கண்டார். 1816 இல் அவர் வெளியிட்ட நூலின் வழி இந்திய மூக்கு என்னும் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது.

சுஸ்ருத சம்ஹிதையைக் கொல்கத்தாவில் 1835-36 இல் அச்சுக்குப் பதிப்பித்தவர் மதுசூதன் குப்தா. அவரே 1836 ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்து ஆராய்ந்தார்; தற்கால மருத்துவ முறையில் அதைச் செய்த முதல் இந்தியராக அவர் போற்றப்படுகிறார். ஏழு இரவு நீரில் வைத்த உடலைப் பற்றிய விதியை அச்சிட்ட கையே கத்தியையும் எடுத்தது எனலாம்.

காது அமைப்பு அறுவையில் சுஸ்ருதரின் இடம்

துருத்திய காதுகளை ஒடுக்கும் அழகியல் அறுவையையும் சுஸ்ருதரே கண்டுபிடித்தார் எனச் சில தளங்களில் எழுதப்படுவது சரியன்று. அவர் நூல் கூறுவது அறுந்த, குறைபட்ட அல்லது இல்லாத மடலைச் சீர்செய்வது பற்றியே. காதின் குருத்தெலும்பை மடித்து அதன் கோணத்தை மாற்றுவது அந்நூலில் இல்லை. பெர்லின் மருத்துவர் யோகான் டீஃபன்பாக் 1845 இல் காதின் பின்புறத் தோலை நீக்கிக் காதைத் தலையோடு பொருத்தும் முறையை விளக்கினார். அது காயத்தால் உருக்குலைந்த காதுக்கானது. துருத்திய காதுக்கென்றே அறுவை செய்தவர் நியூயார்க்கின் எட்வர்ட் எலி. 1881 இல் அவர் வெளியிட்ட குறிப்பில் உள்ள நோயாளி, உடன் பயின்றோரின் கேலிக்கு ஆளான 12 வயதுச் சிறுவன். காது மடலின் உட்புற மடிப்பு சரியாக உருவாகாமையே துருத்தலுக்குக் காரணம் என 1910 இல் லக்கெட் விளக்கினார். மஸ்டார்டே 1963 இல் அம்மடிப்பைத் தையல்களால் உருவாக்கும் முறையை அளித்தார். குழந்தையின் காது பெரியவர் அளவை நெருங்கும் ஐந்து அல்லது ஆறு வயதுக்குப் பின்னரே இவ்வறுவை பொதுவாகச் செய்யப்படுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் ஆயின், மென்மையான குருத்தெலும்பை அச்சு வைத்தே திருத்திவிடலாம்.

சுஸ்ருதர் கூறிய சிக்கலுக்கு நேரடியான சான்று தமிழகத்திலேயே உண்டு. தென்மாவட்டங்களில் பெண்கள் காது மடலைத் தோள்வரை வளர்த்து, பாம்படம், தண்டட்டி போன்ற கனத்த அணிகளை அணிந்தனர். 20 ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் அருகியபோது, நீண்ட காது நாட்டுப்புறத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டதால், பலர் மடலை அறுத்துத் தைத்துக்கொண்டு சிறு தோட்டுக்கு மாறினர். சிலர் மாற மறுத்து முதுமை வரை அவ்வணிகளுடனேயே வாழ்ந்தனர்.

சுஸ்ருத சம்ஹிதையை ஃபிரான்ஸ் ஹெஸ்லர் 1844 முதல் இலத்தீனில் வெளியிட்டார். குஞ்சலால் பிசக்ரத்னாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1907 முதல் 1916 வரை கொல்கத்தாவில் வெளிவந்தது. ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் உள்ள அறுவை மருத்துவர் கல்லூரியில் சுஸ்ருதருக்குச் சிலை வைக்கப்பட்டுள்ளது.